காட்பாடிப் பலகையும் கைபேசி காட்டும் உயரமும்

பாலாற்றங்கரை:
கடந்த ஞாயிறு பெங்களூரு ஜக்கூர் வானூர்தித் திடலுக்குப் போகும் வழியில் ஆம்பூரில் தேநீருக்காக நின்றோம். அங்கே நண்பர் சத்துவாச்சாரி, எளிய ஜிபிஎஸ் கருவி எது என்று கேட்ட, புதிதாகப் பறக்கக் கற்கும் ஒருவரிடம், "இருவர் அமரும் சிறு விமானத்துக்குத் தனி ஜிபிஎஸ் கருவி வீண் செலவு, ஆண்ட்ராய்டு கைபேசியே போதும்" என்று உறுதியாகச் சொன்னார். மூன்று நாள்களாக அது என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. காட்பாடிச் சந்திப்பின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்று அவருடைய கைபேசியைப் பார்த்தபோது, அது ஏறத்தாழ 90 மீட்டர் குறைத்துக் காட்டியது. அடிக் கணக்கில் அது 300 அடி. 300 அடி பொய் சொல்லும் பொருளை நம்பி வானத்தில் ஏறலாம் என்று ஒரு புதியவருக்கு அறிவுரை சொல்வது பெரும் பிழை.

சத்துவாச்சாரி:
ஐயா, கைபேசி பொய் சொல்லவில்லை. செயற்கைக்கோள்கள் பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாகக் கொண்டு உயரம் கணக்கிடுகின்றன. ஆண்ட்ராய்டு அந்த எண்ணை அப்படியே தருகிறது. தென்னிந்தியாவில் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே அமைந்திருக்கிறது. அதைத் திருத்திக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஐபோன் தானாகவே கடல்மட்டக் கணக்கில் காட்டுகிறது. திருத்தாவிட்டாலும் அது குறைத்துத்தானே காட்டுகிறது? ஏலகிரியைக் கடக்கும்போது விமானி தான் இருப்பதைவிடத் தாழப் பறப்பதாக எண்ணி இன்னும் மேலே ஏறுவார். இது பாதுகாப்பான பக்கத்துப் பிழை.

பாலாற்றங்கரை:
எது பாதுகாப்பான பக்கம்? ஜக்கூருக்கு அருகிலேயே எலகங்கா விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே நமக்கு விதிக்கப்படுவது இதற்கு மேல் ஏறக் கூடாது என்ற உச்சவரம்பு. "இன்னும் 300 அடி இருக்கிறது" என்று கைபேசியை நம்பி ஏறுகிறவர், ஏறி முடிக்கும்போது பிறருடைய வானத்தில் இருப்பார். மலைக்கு மேலே காப்பாற்றும் பிழை கூரைக்குக் கீழே கொல்லும். முப்பது ஆண்டுகள் மட்டம் பார்த்து நிலம் அளந்தவன் நான். இலங்கைக்குத் தெற்கே இந்தத் தாழ்வு 106 மீட்டர் வரை போகிறது என்பதும், உலகத்திலேயே இதைவிடப் பெரிய தாழ்வு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். காட்பாடிப் பலகைக்கு உங்கள் பதில் என்ன?

ஆரணி வானம்:
இருவருமே தவறான கருவியைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். வானத்தில் உயரம் என்பது, காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் உயரமானி காட்டும் உயரம்தான். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தரும் காற்றழுத்த எண்ணை எல்லா விமானிகளும் அதில் வைக்கிறார்கள். அதனால் பிழை இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பிழையாக இருக்கிறது, ஒருவர் மீது ஒருவர் மோதாமல் பறக்க முடிகிறது. ஜிபிஎஸ் வழி காட்டினால் போதும், உயரத்தை அதனிடம் கேட்கவே வேண்டாம்.

சத்துவாச்சாரி:
உயரமானியும் தெய்வ வாக்கு அன்று. அந்தக் காற்றழுத்த எண்ணை ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) தவறாக வைத்தால் கிட்டத்தட்ட 30 அடி மாறிவிடும். உயரமானிக்கு அடிப்படையாக நிர்ணயித்த வெப்பத்தைவிட 10 பாகை கூடினால், அழுத்தம் அளந்த நிலையத்துக்கு மேல் ஏறிய ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 40 அடி குறைத்துக் காட்டும். வேலூர் வெயிலில் அதுவும் குறைத்தே காட்டுகிறது. அதை மன்னிக்கிறவர்கள் கைபேசியை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? மேலும், அந்தப் பலகை எந்தக் காலத்து அளவு என்று யாருக்குத் தெரியும்?

பாலாற்றங்கரை:
இந்த ஒரு வரியை நான் மறக்க மாட்டேன். 1802-ல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்ப்டன் முதல் அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய வேலையின் வழிவந்தவர்கள் நாங்கள். தோளில் அளவுகோலைச் சுமந்து, உயரம் பொறித்த ஒரு மட்டக்குறியிலிருந்து அடுத்த மட்டக்குறிக்கு, ஊர் ஊராக உயரத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த உழைப்பைச் சட்டைப்பையில் இருக்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து எடைபோட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பலகை சரியானது. கைபேசி 90 மீட்டர் தவறு.

திருப்பத்தூர்ப் புதியவர்:
ஐயா, ஆம்பூரில் கேட்டவன் நான்தான். "எளிய கருவி" என்று நான் கேட்டதற்குப் பொருள் இதுதான்: வெயிலில் எழுத்து தெரிய வேண்டும், விமானம் குலுங்கும்போதும் விரலால் இயக்க முடிய வேண்டும், திடல் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இவற்றுக்கு எது பொருந்தும் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆரணி வானம்:
தம்பி, அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத்தளம் இருப்பதை மறந்துவிடாதே. நம் பக்கத்து வானத்தில் அந்த எல்லையைக் காட்டாத கருவி எதுவும் எளிய கருவி ஆகாது. கார்மின் ஏரா 660 போன்றவை வான்வெளி எல்லைகளையும் மலைகளையும் 5 அங்குலத் திரையில் காட்டுகின்றன. கையடக்க ஜிபிஎஸ் கருவியான கார்மின் ஈட்ரெக்ஸ் 10 இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், பொத்தான்களால் இயங்கும். ஆனால் அது மலையேறுகிறவர்களுக்கானது, வான்வெளி எல்லை அதில் இல்லை.

சத்துவாச்சாரி:
ஈட்ரெக்ஸைப் பற்றி ஆரணிக்காரர் பேசக் கூடாது. சென்ற ஆண்டு என் கருவியை இரவல் வாங்கிப் போய், ஆறு மாதம் வைத்திருந்து, பேட்டரி உள்ளே கசிந்து உப்புப் பூத்த நிலையில் திருப்பித் தந்தவர் அவர். கைபேசியில் இந்தத் தொல்லையே இல்லை.

ஆரணி வானம்:
அது நீங்கள் தரும்போதே கசிந்திருந்தது. இதை அன்றைக்கே, நான்கு பேர் முன்னிலையில் சொன்னேன். கைபேசியைப் பற்றியும் சொல்கிறேன்: ஐபோனுக்கு அதைச் செய்தவர்களே 35 பாகை வெப்பத்தைத்தான் எல்லையாகச் சொல்கிறார்கள். மே மாதத்தில் விமானத்தின் கண்ணாடி மூடிக்குக் கீழே வைத்தால் அது சூடேறி, வழி தேவைப்படும் நேரத்தில் அணைந்துவிடும். வரைபடத்தை முன்னரே இறக்கி வைக்காவிட்டால், கைபேசிக் கோபுர அலை கிடைக்காத உயரத்தில் வெற்றுத் திரைதான் மிஞ்சும்.

சத்துவாச்சாரி:
வரைபடத்தை இறக்கி வைப்பது பறக்கிறவரின் கடமை. செயற்கைக்கோள் அலைக்குக் கோபுரம் தேவையில்லை. நான் இரண்டு ஆண்டுகளாகக் கைபேசியோடுதான் பறக்கிறேன், ஒரு முறையும் வழி தவறியதில்லை.

பாலாற்றங்கரை:
வழி தவறவில்லை என்பது உயரம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. வெப்பம், பேட்டரி, வரைபடம் என்று எங்கே போனாலும் நான் விட மாட்டேன். தனிக் கருவியின் உள்ளே கடல்மட்டத் திருத்தத்துக்கான அட்டவணை இருக்கிறது. அதனால் அது பலகையோடு சில மீட்டருக்குள் ஒத்துப்போகிறது. என் கருவியை அதே நடைமேடையில் வைத்து மூன்று முறை பார்த்திருக்கிறேன். உங்கள் கைபேசி மூன்று முறையும் 90 மீட்டர் தாழ நின்றது.

சத்துவாச்சாரி:
திருத்தும் செயலியை இறக்கிக்கொண்டால் தீர்ந்தது என்று முன்பே சொல்லிவிட்டேன். நீங்கள் அதைப் படிக்கவே இல்லை.

பாலாற்றங்கரை:
படித்தேன். எந்தச் செயலி திருத்துகிறது, எது திருத்தவில்லை என்று திரையைப் பார்த்து ஒரு புதியவர் எப்படி அறிவார்? காட்பாடிக்கு வந்துதான் அறிய வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன்.

திருப்பத்தூர்ப் புதியவர்:
வெயிலில் எழுத்து தெரியும் திரை எதில் நன்றாக இருக்கிறது, ஐயா?

சத்துவாச்சாரி:
சனிக்கிழமை நான் ஜக்கூரில் இருப்பேன், கைபேசியோடு.