எஸ்ஜே413 ஜீப்புக்கு எந்த அளவு ரயர்? வயல் சேறும் ஓடவேண்டும், கடற்கரை மணலும் ஓடவேண்டும்

ஒட்டுசுட்டானான்

எல்லாருக்கும் வணக்கம். சுசுகி எஸ்ஜே413 ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். 1.3 லீட்டர் பெற்றோல் எஞ்சின். உயர்த்தவுமில்லை, வெட்டவுமில்லை, கொம்பனி விட்டபடியே இருக்கிறது. வயல் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே. கிறவல் றோட்டு முடியும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. வாய்க்கால் கரையால் இறங்கி வயல் பாதைக்குத் திரும்பினால்தான் வினை. மாரி தொடங்கிவிட்டால் பசளை மூட்டை ஏற்றிக்கொண்டு போகவே ஏலாது. நாலு சில்லுக்கும் கியர் போட்டால்கூடப் பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டுகின்றன. பிறகு யாருடைய உழவு மெஷினையாவது பிடித்து இழுக்கவேண்டும்.

அதோடு மைத்துனரின் மீன் வாடி நாயாற்றுக் கடற்கரைப் பக்கம். அங்கே மணல்.

இப்போது போட்டிருப்பது 205/70ஆர்15, சாதாரண றோட்டு ரயர், வரி பாதி தேய்ந்துவிட்டது. ரயர்க் கடையில் 235/75ஆர்15 போடச் சொல்கிறார்கள். 30 அங்குல உயர ரயரும் ஏறும் என்கிறார் அங்கே நிற்கும் ஒருவர். கையில் காசு குறைவு, அதனால் இந்தப் போகத்துக்குப் பின்னுக்கு இரண்டை மட்டும் பெரிதாகப் போட்டு ஓடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பனர் (கிளிநொச்சி)

தம்பி, பின்னுக்கு இரண்டை மட்டும் மாற்றும் யோசனையை முதலில் விடுங்கள். உங்களுடைய ஜீப்பில் முன் பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. நாலு சில்லுக் கியர் விழுந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்றில் பூட்டப்படும். பின் ரயர் உயரம், முன் ரயர் கட்டை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டும் வேறு வேறு தூரம் போகப் பார்க்கும். சேற்றில் வழுக்கித் தப்பிவிடும். கெட்டி நிலத்தில் அந்த இழுபறி முழுக்க கியர்ப் பெட்டிக்கும் சாஃப்டுக்கும் போகும். நாலும் ஒரே அளவு, முடிந்தால் ஒரே தேய்மானம். வேறு வழி இல்லை.

அளவுக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 205/70ஆர்15 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி, 15 அங்குல ரிம்மின் 381ஐக் கூட்டினால் ரயரின் உயரம் 668 மி.மீ. இதேபோல 215/75ஆர்15 போட்டால் 703.5 வரும், 235/75ஆர்15 போட்டால் 733.5. வண்டியின் வயிறு நிலத்தில் இருந்து உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான். 215 போட்டால் ஏறக்குறைய 18 மி.மீ., 235 போட்டால் 33 மி.மீ.

அந்த 33ஐப் பார்த்து ஆசைப்படவேண்டாம். உங்களுடைய ரிம் 5.5 அங்குல அகலமாக இருக்கும், உள்பக்கம் 5.5ஜே என்று அடித்திருக்கிறதா பாருங்கள். 235/75க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும், 30க்கு 6.5. ஒடுங்கின ரிம்மில் அகல ரயரைப் பிடித்து ஏற்றினால் நடுப்பகுதி புடைத்து அங்கே மட்டும் தேயும், வளைவில் ரயர் நெளியும். 235 போட்டவர்கள் பலருக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் மட்காட்டில் உரசுகிறது. 30 என்றால் உயர்த்தாமலோ வெட்டாமலோ நினைக்கவே வேண்டாம். எஞ்சின் 1300 சிசி என்பதையும் மறந்துவிடாதீர்கள். ரயர் உயரும்போது கியரின் இழுவை குறையும். மூட்டையோடு குளக்கட்டு ஏறும்போது முதலாம் கியரும் போதாது என்று நிற்கும். பிறேக்குக்கும் அதே கதைதான்.

என் சொல் 215/75ஆர்15.

ஆனால் ஒன்று. "பின் சில்லுகள் சுற்றுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். முன் சில்லுகள் என்ன செய்கின்றன?

கொக்கிளாய்க் காற்று

லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) ரயர் போட்டால் சேற்றுப் பிரச்சினை ஒரேயடியாகத் தீரும் 😄

பழைய ஸ்பனர் (கிளிநொச்சி)

அது 6.00-12. உங்களுடைய ரிம்மை மூன்று அங்குலம் அரிந்து தந்தால் நானே போட்டுவிடுகிறேன்.

வவுனியா அக்கா

எங்கள் வீட்டில் ரயர் வேலைதான், அதனால் விற்பவர் பக்கத்தில் இருந்தும் இரண்டு வார்த்தை.

205, 235 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்தது. புதிது என்று விற்கும் ரயரும் கடையில் பல வருடம் கிடந்ததாக இருக்கலாம். வரி ஆழமாக இருக்கும், றப்பர் காய்ந்திருக்கும். பாவித்த ரயர் வாங்குவதென்றால் இந்த எண்ணைப் பார்க்காமல் காசை எடுக்கவே கூடாது. பக்கச் சுவரை விரலால் மடக்கிப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, நம்முடைய பக்கத்தில் ரயரைக் கொல்வது சேறு இல்லை, பக்கச் சுவரில் விழும் வெட்டு. பனங்கருக்கு, உடைமுள், காடு வெட்டிய இடத்தில் சரிவாக நிற்கும் அடிக்கட்டை. நடுவில் ஆணி ஏறினால் ஒட்டலாம், பக்கச் சுவர் கிழிந்தால் அந்த ரயருக்கு அவ்வளவுதான். காருக்கான மெல்லிய 215ஐ மலிவு என்று எடுக்காமல் ஜீப்புக்கென்று வரும் தடித்த சுவர் உள்ளதைக் கேளுங்கள்.

ரீபில்ட் ரயர் (தேய்ந்த ரயருக்குப் புது வரி ஒட்டியது) முன்னுக்குப் போடவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சேற்றைச் சுற்றிப் போகிறேன் என்று பாவனையில் இல்லாத பாதையிலே இறங்காதீர்கள். கண்ணிவெடி முழுக்க எடுத்து முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. எந்த ரயரும் அதற்கு உதவாது.

ஒட்டுசுட்டானான்

அக்கா, அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. ரிம் 5.5ஜே தான். அப்புறம் ஒரு புதினம். ஸ்பெயார் சில்லைக் கழற்றிப் பார்த்தால் அதிலே 195எஸ்ஆர்15 என்று இருக்கிறது. மற்ற நாலும் 205/70. இது ஏன் இப்படி? நடுவில் விகித எண்ணும் இல்லை.

முன் சில்லை இதுவரை கவனிக்கவில்லை. ஹப்பை (முன் சில்லின் நடுவில் இருக்கும், சில்லை சாஃப்டோடு பூட்டும் குமிழ்) லொக்குக்குத் திருப்பித்தான் இறங்குவேன், அது நிச்சயம்.

பழைய ஸ்பனர் (கிளிநொச்சி)

அந்த ஸ்பெயார் நல்ல சாட்சி. விகித எண் போடாத பழைய ரயர்களில் பக்கச் சுவரை 82 சதவீதம் என்று கணக்கு வையுங்கள். 195எஸ்ஆர்15இன் உயரம் 701 மி.மீ. அளவில் வரும். ஆக, வண்டி முன்பு ஓடிய உயரம் அதுதான். யாரோ இடையில் கிடைத்த 205/70ஐப் போட்டுக் கட்டையாக்கி இருக்கிறார்கள். 215/75 போட்டால் நீங்கள் பெரிதாக்கவில்லை, பழைய உயரத்துக்குத் திரும்புகிறீர்கள்.

சோதித்துப் பார்க்கலாம். போனில் ஜிபிஎஸ் வேகத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒருவரை இருத்தி, மாங்குளம்-முல்லைத்தீவு ஏ34 றோட்டில் மீற்றர் 60 காட்டும்போது போன் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 57 பக்கம் வந்தால் மீற்றர் உயரமான ரயருக்குத்தான் அமைந்திருக்கிறது.

அடுத்தது ஹப். இதை ரயருக்குக் காசு கொடுக்க முன்னம் செய்யுங்கள். சமதரையில் நிறுத்திப் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் பக்கம் இரண்டு சில்லும் நிலத்தை விட்டு எழும்ப ஜாக் கொடுத்து, ஸ்டாண்டில் இருத்துங்கள். எஞ்சின் நிற்கட்டும். நாலு சில்லுக் கியரும் முதலாம் கியரும் போட்டு, இரண்டு ஹப்பையும் லொக்குக்குத் திருப்புங்கள். இப்போது ஒரு சில்லைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றவேண்டும். சுற்றவில்லை என்றால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. எது இலகுவாக ஓடுகிறதோ அதுதான் கள்ளன்.

முருங்கன் களி

ஒட்டுசுட்டான் பக்கம் ஓரளவு சிவப்பு மண், அடியில் கெட்டி இருக்கும். அங்கே ஒடுக்கமான ரயர்தான் நல்லது. மேல் சேற்றை வெட்டிக்கொண்டு அடிக் கெட்டியைப் பிடிக்கும். அகல ரயர் மேலேயே மிதந்து வழுக்கும். ஸ்பனர் அண்ணை சொன்ன 215 அதற்குச் சரி.

ஆனால் ஏ/டி (எல்லா நிலத்துக்குமான வரி) எடுப்பதா எம்/டி (சேற்றுக்கான பெரிய வரி) எடுப்பதா என்று ஒருவரும் பேசவில்லையே. கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே எங்களுடைய கறுப்புக் களி மண்ணில் ஏ/டி வரிகள் ஒரு சுற்றிலேயே அடைந்து மொட்டையாகிவிடும். எம்/டி போட்டால் இடைவெளி பெரிது, களியை உதறி எறியும். நான் எம்/டி பக்கம்.

வவுனியா அக்கா

உங்களுடைய மண்ணுக்குச் சரி அண்ணை. இவர் ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் காப்பெற் (தார்) றோட்டில் ஓடுகிறவர். எம்/டி கூவிக்கொண்டு கெதியில் தேயும், ஈரக் காப்பெற்றில் பிறேக் பிடித்தால் வழுக்கும். போதாததற்கு நாயாற்று மணலில் அது தோண்டிக்கொண்டு கீழே போகும். இவருக்கு ஏ/டி.

முருங்கன் களி

மணலை மறந்துவிட்டேன். சரி, ஏ/டி.

கொக்கிளாய்க் காற்று

பகிடிக்குப் பதில் இந்த முறை ஒரு உருப்படியான விஷயம். மணலுக்கு அகல ரயர் தேடவேண்டாம், காற்றைக் குறையுங்கள். காற்றைக் குறைத்தால் ரயர் நீளவாக்கில் படியும், அதுதான் மணலில் தாங்குவது. எஸ்ஜே பாரம் குறைந்த வண்டி. றோட்டில் 24-26 பிஎஸ்ஐ என்றால் மணலில் 15 வரைக்கும் இறக்குவேன். ரியூப் போட்ட ரிம் என்றால் அதற்குக் கீழே போகாதீர்கள், ரயர் ரிம்மில் நழுவி ரியூபின் வால்வை அறுத்துவிடும். வயல் சேற்றுக்கு 18 போதும். ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்கக் கூடாது, மெதுவாகத்தான். திரும்பக் காப்பெற்றில் ஏற முன்னம் காற்று அடியுங்கள். பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், நாயாற்றில் இரவில் காற்றுக்கடை தேடி அலையவேண்டாம்.

ஒட்டுசுட்டானான்

பார்த்துவிட்டேன். மீற்றர் 60 காட்ட, போன் 57.

ஹப்பும் பார்த்தாகிவிட்டது. வலதைச் சுற்ற இடது அசையவே இல்லை. இடதைச் சுற்றினால் சைக்கிள் சில்லு மாதிரி ஓடுகிறது. குமிழ் லொக்குக்குத் திரும்புகிறது, உள்ளே பிடிக்கவில்லை. ஒரு பக்கம்தானே போயிருக்கிறது, மற்றப் பக்கம் இழுத்திருக்க வேண்டாமா?

பழைய ஸ்பனர் (கிளிநொச்சி)

இழுக்காது. முன் அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் திறந்த வகை. எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கத்து சாஃப்டைச் சும்மா சுற்றிவிடும். இடது ஹப் பிடிக்காததால் இடது சாஃப்ட் உள்ளே வெறுமனே சுற்றியிருக்கிறது, வலது சில்லுக்கு ஒன்றும் போகவில்லை. பின்னால் மட்டும் தள்ளும் வண்டியாகத்தான் நீங்கள் வயலுக்குள் இறங்கியிருக்கிறீர்கள். 235 போட்டிருந்தாலும் குழி இன்னும் ஆழமாகத்தான் தோண்டியிருக்கும்.

ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். பல தடவைகளில் பழைய கிறீஸ் காய்ந்து பசையாகிப் பல்லு நகராமல் நிற்கும், பெற்றோலில் கழுவி லேசாகப் புதுக் கிறீஸ் பூசினால் தீர்ந்துவிடும். பல்லு மழுங்கியிருந்தால் சோடியாக மாற்றுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதற்குப் பிறகு இந்தப் பழைய ஜீப்புகளுக்கு வந்த மவுசு தெரியும்தானே, கழற்றி விற்கும் சாமானுக்கும் கண்டபடி விலை சொல்வார்கள். பேரம் பேசுங்கள்.

ஒட்டுசுட்டானான்

கிறீஸ்தான் அண்ணை, கல்லாக இருந்தது. கழுவிப் பூட்டினேன், இப்போது இரண்டும் எதிரெதிராகச் சுற்றுகின்றன. நேற்று மழைக்குப் பிறகு அதே வாய்க்கால் கரையால் இறங்கினேன், இந்தத் தேய்ந்த 205ஓடேயே, காற்று 18. சறுக்கியது, ஆனால் ஏறி வந்துவிட்டது.

ரயர் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். 215/75ஆர்15 ஏ/டி, நாலும் ஒன்றாக எடுக்கக் காசு சேர்க்கிறேன், அறுவடைக்குப் பிறகு. ஸ்பெயார் அந்த 195 இருக்கலாமா?

வவுனியா அக்கா

உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வீடு வந்து சேர ஓடலாம். ஆனால் அதன் வயதை யோசித்துப் பாருங்கள் தம்பி, அது ஜீப்போடு பிறந்த றப்பர். ஐந்தாக எடுங்கள். இல்லையென்றால் கழற்றும் 205களில் நல்லது ஒன்றை ஸ்பெயாராக வைத்து, அது பூட்டியிருக்கும்போது நாலு சில்லுக் கியரைத் தொடாதீர்கள்.

கொக்கிளாய்க் காற்று

மிச்சம் மூன்று 205ஐயும் என்ன செய்யப்போகிறீர்கள்? எனக்கு ஒரு ஜோடி வேண்டும், மீன் பெட்டி இழுக்கிற ட்ரெய்லருக்கு. ரிம் 15தான், பகிடி இல்லை.