மறு: நல்லிணக்கமா, அணுக்கமா?

வணக்கம்.

வடகொரியாவும் தென்கொரியாவும் ஒன்றையொன்று நெருங்குவதைச் சொல்ல, நம் கொரியக் கட்டுரைக்கு 'நல்லிணக்கம்' போதாதா, 'பிரிநாட்டு அணுக்கம்' என்ற புதுச்சொல் எதற்கு என்று அக்கா கேட்டிருந்தார். பழகிய சொல்தான். ஆனால் நம் காதில் அது ஓர் அரசுக்குள் சமூகங்கள் ராசியாவதையே சொல்கிறது. இலங்கையில் 2010இல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் அந்தப் பொருளில்தான் வந்தது. கொரியாவில் இருப்பதோ இரண்டு அரசு, இரண்டு படை.

'ஒப்புரவு' எனக்குப் பிடித்த சொல். ஆனால் குறளில் அது ஊருக்கு உதவுவது, கத்தோலிக்கருக்கு அது ஓர் அருட்சாதனம். மூன்றாவது சுமையை ஏற்ற வேண்டாம்.

எனக்கு உறுத்துவது, 'இணக்கம்' என்றதும் 'இணைப்பு' காதில் விழுவது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தபோது, 1969இல் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் தொடங்கியது இணைப்பு அல்ல. ஜெர்மனியில் இரண்டு அரசுகள் உள்ளன, ஆனால் ஒன்றுக்கொன்று அயல்நாடு அல்ல என்றார். இரு அரசுகளும் செய்துகொண்ட 1972 ஒப்பந்தத்துக்குப் பிறகும், மேற்கின் தலைநகர் பானிலும் கிழக்கின் தலைநகர் கிழக்கு பெர்லினிலும் தூதரகம் திறக்கவில்லை. 'நிரந்தரப் பிரதிநிதியகம்' என்று பலகை மாட்டினார்கள். பிரிவை ஏற்றுக்கொண்டுதான் அதைத் தளர்த்தினார்கள். அவருடைய கூட்டாளி எகோன் பார் 1963இலேயே இதற்கு 'நெருங்குவதால் மாற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார். 'அணுக்கம்' அங்கிருந்து வந்தது.

அப்புறம் 'நாடு'. 1991 உடன்பாட்டில் இரு கொரியாக்களும் தங்கள் உறவு நாட்டுக்கு நாடு உறவு அல்ல என்றே எழுதிக்கொண்டன. தெற்கிலிருந்து வெளிநாடு போனால் 'சுல்குக்', அதாவது நாட்டை விட்டு வெளியேறுதல். வடக்கில் இருந்த கேசொங் தொழிற்பேட்டைக்குப் போனவர்களுக்குச் சாவடியில் அது 'சுல்கியொங்'. 'நாடு' இருந்த இடத்தில் 'எல்லை'. மாறியது ஓரெழுத்துதான்!

தமிழில் இந்தச் சங்கடம் குறைவு. சோழநாடு, தொண்டைநாடு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நாடு வேறு, அரசு வேறு. ஆகவே 'பிரிநாட்டு அணுக்கம்' என்கிறேன். பிரிநாடு வினைத்தொகை, பிரிந்த, பிரிகிற, பிரியும் மூன்றும் அடங்கும். 'பிரிதேசம்' என்றும் யோசித்தேன், மெய்ப்புப் பார்ப்பவர் 'பிரதேசம்' என்று திருத்திவிடுவார்.

ஓர் இடறல் உண்டு. 2024 தொடக்கத்தில் வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன் ஒன்றிணைப்பையே கைவிட்டு, தெற்கு இனி வேறொரு பகைநாடு என்றார். இப்போது 'பிரிநாடு' என்று எழுதினால் தெற்கின் பக்கம் சாய்ந்தது போலாகுமோ? அக்கா, ஐயா, வெள்ளிக்குள் சொல்லுங்கள். கட்டுரை அச்சுக்குப் போகிறது.