நுரையீரலில் வெள்ளைப் புள்ளி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாளை முயல்வீடு:
ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு கூண்டில் ஒரு பெண் முயல் மூச்சுவாங்கிச் செத்தது. டாக்டர் அறுத்து, நுரையீரலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். டிபி என்றே நினைத்தேன். "பூஞ்சை" என்றார். வளர்த்துப் பார்த்ததில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று வந்தது. வைக்கோலில் பூசணம் பூப்பது சரி, முயலின் உடம்புச் சூடு 39 டிகிரி ஆயிற்றே, அதற்குள் எப்படி வளர்ந்தது? இன்னும் மனசு ஆறவில்லை.

களக்காட்டுக்காரி:
நான் பார்த்தது இங்கிலாந்தில், படிக்கும்போது. செத்துக் கிடந்த காட்டு எலியின் நுரையீரல், கண்ணுக்கே தெரியும் புள்ளிகள். நுண்ணோக்கியில் வைத்தால் தடித்த சுவரோடு பெரிய உருண்டை, நடுவில் ஒன்றுமே இல்லை! எம்மோன்சியா கிரெசென்ஸ் என்ற பூஞ்சை. மண்ணில் 25 டிகிரியில் சாதாரணப் பூசண நூலாக வளரும். எலி மூச்சில் இழுக்கும் வித்து சில மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 37 டிகிரி சூட்டில் முளைக்காது, வீங்கும். வீங்கி 200 மைக்ரானையும் தாண்டும். ஆனால் உள்ளே பெருகாது. எத்தனை வித்தை இழுத்ததோ அத்தனை உருண்டைதான். அண்ணாச்சி முயலுக்கு வந்தது வேறு, அது உள்ளேயே நூல்விட்டுப் பரவும்.

சேரன்மாதேவி வயல்:
பிசானம் அறுப்பு முடிந்து எலி பிடிக்க வந்த தாத்தா ஒன்றைக் கீறிப் பார்த்துவிட்டு, "இது ஆவாது" என்று வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினார். ஈரலில் வெள்ளைக் கட்டி. அந்த வீச்சு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவும் இதே பூஞ்சைதான். மற்றபடி நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு எந்தப் பூசணமும் தாங்காது. வைக்கோலை ஒரு நாள் காயப்போட்டால் போதும், முயல்காரர் வீணாகப் பயப்படுகிறார்.

கல்லிடை கோழிப்பண்ணை:
சேரன்மாதேவிக்காரரே, ஈரலில் இருந்தால் அது பெரும்பாலும் நாடாப்புழுக் கூடு. பூனை வயிற்றில் வளரும் புழுவின் குஞ்சுப் பருவம் எலி ஈரலில்தான் தங்கும். இங்கே பேச்சு நுரையீரல். வெயில் கதையும் சரியில்லை. ஃபியூமிகேட்டஸ் 50 டிகிரியிலும் வளரும், வேகும் எருக்குவியல்தான் அதற்குச் சொந்த வீடு. 2009-இல் ராபர்ட், காஸடெவால் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 4,802 பூஞ்சை ரகங்களின் கணக்கைப் பார்த்தார்கள். 30 முதல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீத ரகங்கள் வளர முடியாமல் கழன்றுவிடுகின்றன. நம் உடம்புச் சூடே ஒரு வேலிதான். அதைத் தாண்டும் சிலதில் ஃபியூமிகேட்டஸும் ஒன்று.

என் கதை சின்னது: புரூடரில் (குஞ்சுகளைச் சூடாக வைக்கும் கூண்டு) கோழிக்குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டன, அறுத்தால் காற்றுப்பையில் பச்சைப் பூசணம்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நனைந்த வைக்கோலைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். காய்ந்தால் பூசணம் சாகாது, வித்து தூசியாய்ப் பறக்கும், அவ்வளவுதான். படுக்கையை அள்ளுமுன் தண்ணீர் தெளியுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள். கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரை அந்தப் பக்கமே விடாதீர்கள். அடுத்து ஏதாவது செத்தால் புதைத்துவிடாமல், ஐஸ் வைத்து அன்றைக்கே திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், திசு கெட்டுவிடும்.