அடியில் எழுதிய ஆட்சிப் பெயர்: ‘போலி முத்திரை’ வேண்டாம்

> ‘அப்போக்ரிபல் மார்க்’ (பிற்காலப் பீங்கானின் அடியில் முந்தைய அரசர் ஒருவரின் ஆட்சிப் பெயரை எழுதுவது) என்பதற்குப் ‘போலி முத்திரை’ என்று வைத்துக்கொள்ளலாமா? பிற்காலச் சீனப் பீங்கான் பற்றி எழுதும்போது அடிக்கடி தேவைப்படுகிறது.

வணக்கம். அந்த இரண்டு சொல்லுமே எனக்கு இடிக்கின்றன.

முத்திரை என்றால் குத்திப் பதிப்பது. பீங்கானின் அடியில் இருப்பதோ பெரும்பாலும் தூரிகையால் எழுதியது. ‘தா சிங் காங்சி நியன் ஜி’, அதாவது மகா சிங் வம்சத்துக் காங்சி ஆட்சியில் செய்தது என்று ஆறே சீன எழுத்து. ‘ஆட்சிக்குறி’ போதும்.

‘போலி’தான் பெரிய சிக்கல். காங்சி காலத்திலேயே (1662–1722) சீனாவின் பீங்கான் நகரான ஜிங்தேசென்னின் குயவர்கள் மிங் அரசர் செங்குவாவின் (1465–1487) பெயரை நிறைய எழுதியிருக்கிறார்கள். பழைய வேலைப்பாட்டின் மேல் இருந்த மதிப்பு ஒரு காரணம். நடப்புப் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று 1677-ல் வட்டார அதிகாரி தடுத்தது இன்னொன்று. உடைந்த ஓட்டோடு அரசர் பெயரும் குப்பைக்குப் போய்விடுமே என்ற கவலையாம். அப்புறம் பிந்தைய சிங் பேரரசர் குவாங்சு காலத்தில் (1875–1908) இதே காங்சியின் பெயர் ‘காங்சி நியன் ஜி’ என்று நான்கெழுத்தாக நீல-வெள்ளை ஜாடிகளில் ஏறியது. என்னிடமும் அப்படி ஒரு இஞ்சி ஜாடி இருக்கிறது. வெடித்த பனிக்கட்டி போன்ற நீலத்தின் மேல் வெள்ளைப் பிளம் பூக்கள், அடியில் இரட்டை வளையத்துக்குள் காங்சி. ‘போலி முத்திரை’ என்று எழுதினால் ஜாடியே போலி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது தன் காலத்து அசல் வேலை. பெயர் மட்டும்தான் வேறொரு காலத்துடையது.

என் பரிந்துரை: இரவல் குறி.

> இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே? ‘முற்காலக் குறி’ பொருந்தாதா?

‘முற்காலக் குறி’ என்றால் உண்மையாகவே செங்குவா காலத்தில் எழுதிய குறியும் அதில் அடங்கிவிடும். பிரித்துக் காட்ட வேண்டியதே அதைத்தானே. திருப்பிக் கொடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் இரவல் நகை என்றதும் நம் மனதில் முதலில் படுவது ‘அவளுடையது இல்லை’ என்பதுதான். வாங்கியவர் நோக்கம் நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஏமாற்றி விற்கவே எழுதியது என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கே ‘போலிக் குறி’ என்று தாராளமாக எழுதலாம்.

> சரி, ஏற்கிறேன். ‘காங்சி இரவல் குறி, குவாங்சு காலம்’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. பெயரே எழுதாமல் வெறும் இரட்டை வளையம் மட்டும் போட்டிருந்தால்?

‘வெற்று வளையம்’ என்றே சொல்லலாம். அதற்குத் தனிக் கலைச்சொல் தேவைப்படாது.