வலைப்பதிவைப் பூட்டிவிடலாமா, திறந்தே வைத்துக் காப்பாற்றலாமா?

கேள்வி: மாட்டுங்காவாசி

அனைவருக்கும் வணக்கம். மும்பைத் தமிழர்களின் குடியேற்ற வரலாற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கூகுளின் பிளாகர் வலைப்பதிவுத் தளத்தில் எழுதி வருகிறேன். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் உருவான நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை பிரித்துத் தெருக்களை அமைத்ததையும், அத்தெருக்களில் தென்னிந்தியக் குடும்பங்கள் வந்து சேர்ந்ததையும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலைக்கு அமர்ந்ததையும், அந்தக் குடும்பங்களின் மூத்தவர்களை நேரில் கண்டு, அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். அவர்கள் கொடுத்த பழைய புகைப்படங்களும் பதிவில் உள்ளன.

அண்மையில் ஓர் இணையதளம் என் கட்டுரைகள் பலவற்றை ஒரு வரிகூட மாற்றாமல், என் பெயரை மட்டும் நீக்கிவிட்டு வெளியிட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு யூடியூப் சேனலில் ஒருவர் அவற்றை அப்படியே வாசித்துக் காணொளிகளாகப் போட்டிருக்கிறார். வாட்ஸாப் குழுக்களிலும் என் எழுத்து சுற்றி வருகிறது; ஆனால் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு எதிலும் இல்லை. என் பதிவுக்கு நேரடியாக வந்து படிப்பவர்களோ மிகக் குறைவு.

வீட்டில் உள்ளவர்கள், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி பதிவைப் பூட்டிவிடச் சொல்கிறார்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் என்றாவது ஒருநாள் தேடிப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெரியவர்கள் என்னிடம் மனம் திறந்து பேசினார்கள். பூட்டினால் அவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு என்னாவது? திறந்து வைத்துக்கொண்டே எழுத்தைப் பாதுகாக்கவும், உரிய வாசகர்களிடம் கொண்டுசேர்க்கவும் வழி இருந்தால் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: செம்பூர் வழக்குரைஞர்

அம்மா, பூட்ட வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கட்டுரையை நீங்கள் எழுதி முடித்தவுடனேயே அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் ஆயுட்காலம் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். உங்கள் பெயரை நீக்கியது தனிக் குற்றச்சாட்டு: படைப்பாளி என்று அறியப்படும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாகவே பாதுகாக்கிறது.

ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் காப்பது உங்கள் சொற்களையும் அவற்றை நீங்கள் அமைத்த விதத்தையும்தான். தாராவியில் தோல் பதனிடப்பட்டது என்ற செய்திக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் கட்டுரையிலிருந்து தகவலை அறிந்து, ஒருவர் தம் சொந்த நடையில் வேறொரு கட்டுரை எழுதினால், உங்கள் பெயரைக் குறிப்பிடாதது பண்பாடற்ற செயல் என்று சொல்லலாமே தவிர, பதிப்புரிமை மீறல் என்று சொல்ல முடியாது. ஆகவே வரிக்கு வரி எடுக்கப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து அவற்றின் மீது நடவடிக்கை எடுங்கள்.

யாருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன்பு சான்றுகளைத் திரட்டிவிடுங்கள், ஏனெனில் முதல் கடிதம் போனவுடன் அந்தப் பக்கங்கள் காணாமற்போவது வழக்கம். முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுப்பதோடு, உங்கள் இடுகையையும் அவர்களுடைய நகலையும் இணையப் பக்கங்களின் படிகளைத் தேதியோடு காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து வையுங்கள். உங்கள் இடுகையின் பழைய படி அங்கே முன்பே பதிவாகியிருந்தால் அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதன் பிறகு அந்தத் தளத்தை இயக்குபவருக்கும், தளத்திற்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்திற்கும் எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி இதற்கு உதவும். முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்திற்குள் அந்த நிறுவனம் நகலை மறைக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் அதைத் திரும்பத் திறந்துவிடலாம். நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால், 1998இல் அங்கே இயற்றப்பட்ட டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின்படி புகார் அனுப்புவதுதான் விரைவான வழி. கூகுள் தேடலிலிருந்து நகலை நீக்கக் கோருவதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. நகல் எடுத்தவர் எதற்கும் அசையாவிட்டாலும், தேடலில் வராத நகலால் அவருக்குப் பெரிய பயன் இருக்காது.

கட்டுரை முழுவதையும் வாசித்துக் காணொளியாக்குவதும் மீறல்தான். யூடியூபில் இதற்கென்றே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் உண்டு. எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவித்தால், நீங்கள் நீதிமன்றத்தை நாடியிருப்பதை 10 வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஐயமின்றி உங்களுடையவை என்று நிறுவக்கூடிய காணொளிகளை மட்டும் முதலில் குறிப்பிடுங்கள்.

புகைப்படங்களைப் பொறுத்தவரை இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஸ்டுடியோவுக்குப் பணம் கொடுத்து ஒரு குடும்பம் எடுத்துக்கொண்ட படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. எனவே உங்கள் பதிவில் உள்ள குடும்பப் படங்களின் உரிமை பெரும்பாலும் அந்தக் குடும்பங்களிடமே இருக்கும். அவற்றை வெளியிட உங்களுக்கு அனுமதி தந்ததாக ஒவ்வொரு குடும்பத்திடமும் ஓர் எளிய கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: முலுண்ட் மென்பொருளாளர்

வழக்குரைஞர் ஐயா சொன்னவை எழுத்து திருடப்படுவதைப் பற்றியவை. எனக்கோ எழுத்து அழிந்துபோவதைப் பற்றிய அச்சமே பெரிதாக இருக்கிறது. நகல் எடுப்பவர் உங்கள் எழுத்தை அழிப்பதில்லை. மறந்துபோன கடவுச்சொல்லும் புதுப்பிக்கப்படாத முகவரியும் அழித்துவிடும்.

முகவரியிலிருந்து தொடங்குகிறேன். 2012இலிருந்து சில ஆண்டுகள், பிளாகர் பதிவுகளுக்கு வரும் இந்திய வாசகர்களைக் கூகுள் நிறுவனம் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பி அனுப்பியது பலருக்கு நினைவிருக்கலாம். 2020இல் அந்தப் பெயரின் பதிவு காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. பதிவுகள் டாட் காம் முகவரியில் பத்திரமாக இருந்தாலும், டாட் இன் என்று முடியும் பழைய இணைப்புகள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இது நேர்ந்திருக்கிறது. எனவே நீங்கள் சொந்தமாக ஒரு முகவரியை வாங்கிப் பிளாகரோடு இணைத்துவிடுங்கள். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களைப் பிளாகரே புதிய முகவரிக்குக் கொண்டுசேர்க்கும். நாளை வேர்ட்பிரஸுக்கு மாற நேர்ந்தாலும் வாசகர்களுக்குத் தெரிந்த முகவரி மாறாது. பெயர்ப் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அமைத்துத் தருபவர் பெயரில் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும், முகவரியைப் பிறர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பரிமாற்றப் பூட்டையும் இயக்கி வையுங்கள்.

அடுத்தது படி எடுத்து வைப்பது. பிளாகரின் அமைப்புகளில் கிடைக்கும் பேக்கப் கோப்பில் எழுத்தும் பின்னூட்டங்களும் இருக்கும், ஆனால் படங்கள் இருக்காது. படங்கள் இருக்கும் இடத்தின் இணைப்பு மட்டுமே இருக்கும். உங்கள் பதிவில் படங்களே பாதி வரலாறு என்பதால், அசல் ஸ்கேன் கோப்புகளைத் தனியாக இரண்டு இடங்களில் வைத்திருங்கள். அவற்றில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்த இந்த நகரத்தில் இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

உங்கள் கூகுள் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கைப்பேசி தொலைந்தால் உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்ற கொள்கையைக் கூகுள் 2023இல் அறிவித்தது. நமக்கு உடல்நலமில்லாமல் போனாலோ நம் காலத்திற்குப் பிறகோ கணக்கின் தரவு யாருக்குச் சேர வேண்டும் என்பதைச் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் முன்கூட்டியே குறிப்பிடலாம். பேரப்பிள்ளைகளுக்காக எழுதும் நீங்கள் இதை இன்றே செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வலது சொடுக்கைத் தடுக்கும் நிரல்களை மட்டும் போட வேண்டாம். திருடுபவரை அவை சிறிதும் தடுப்பதில்லை. ஓர் ஊர்ப்பெயரை நகலெடுத்துத் தேட விரும்பும் நல்ல வாசகரைத்தான் அவை தடுக்கின்றன. அதற்குப் பதிலாக, புதிய இடுகைகளைத் தானாக வெளியே அனுப்பும் ஊட்டத்தில் (ஃபீட்) முழுக் கட்டுரையும் போகாமல் தொடக்கப் பகுதி மட்டும் போகும்படி அமைத்தால் தானியங்கி நகல்கள் குறையும். கட்டுரையின் நடுவே உங்கள் பிற இடுகைகளுக்கு இணைப்புக் கொடுத்து எழுதுங்கள். நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை நீக்குவதில்லை என்பதால், நகலைப் படிப்பவரும் உங்களிடம் வந்துசேர வழியுண்டு.

மறுமொழி: தாராவி 90 அடி சாலை

அம்மா, உங்கள் பதிவை எங்கள் தெருவில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் பெரும்பாலோர் வாட்ஸாப் வழியாகவே படித்தோம், உங்கள் தளத்தில் அல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் காட்டிய, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் நன்றாக இயங்கிய காலத்தில், புதிய இடுகை வந்த அன்றே அது உலகத் தமிழர் கண்ணில் பட்டது. முகப்பில் பெயரைப் பார்த்துப் பின்னூட்டம் இடுவதற்கென்றே வந்தார்கள். புதிய இடுகைகளை வாசகர்களுக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவையும் 2021இல் நின்றது. இன்று வாசகர் வருவதற்குத் தேடல், நேரடித் தொடர்பு ஆகிய இரண்டு வழிகளே நம்பத்தக்கவையாக உள்ளன.

தேடலில் அகப்படத் தலைப்பு மிக முக்கியம். உங்கள் தலைப்புகள் அழகானவை, ஆனால் அவற்றில் ஊர்ப்பெயரே இருப்பதில்லை. ‘தாராவித் தோல் பதனிடும் தொழிலாளர்கள்’ என்று தேடுபவருக்கு உங்கள் கட்டுரை அகப்பட வேண்டாமா? மாட்டுங்கா, மாதுங்கா, சயான், சயன் என்று நம்மவர்கள் பலவிதமாக எழுதுவதால், கட்டுரைக்குள் ஓரிடத்திலாவது மாற்று வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: தமிழில் தலைப்பிட்டால் பிளாகர் உருவாக்கும் முகவரியில் தலைப்பின் சாயலே இருக்காது, பிளாக் போஸ்ட் என்ற சொல்லும் ஏதோ ஓர் எண்ணும்தான் வரும். வெளியிடுவதற்கு முன்பே நிரந்தர இணைப்பை ரோமன் எழுத்துகளில் நீங்களே அமைத்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியானவற்றின் முகவரிகளைத் தொட வேண்டாம், இருக்கும் இணைப்புகள் உடைந்துவிடும்.

வாட்ஸாப்பை எதிரியாகக் கருதாதீர்கள். முழுக் கட்டுரையும் சுற்றுவதற்கு முன், முதல் இரண்டு பத்திகளையும் இணைப்பையும் நீங்களே குழுக்களுக்கு அனுப்பிவிடுங்கள். சயானில் உள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் கூடும் மூத்தவர்களுக்குத் திரையில் படிப்பது கடினம். ஒரு கட்டுரையை அச்சிட்டு, கீழே முகவரியோடு கொடுத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடி வருவார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உங்கள் எழுத்தைப் போலவே உங்களிடம் பேசியவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்காக 2024இலிருந்து வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்ட முடிகிறவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. இந்தச் சூழலில் ஒரு பெரியவர் பேச்சுவாக்கில், ‘நடுவில் சில வருஷம் ஊருக்குப் போயிருந்தோம்’ என்றோ ‘மேல்தளத்தை வாடகைக்கு விட்டோம்’ என்றோ சொன்னதை முழுப் பெயரோடும் சந்தின் பெயரோடும் வெளியிட்டால், அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. பேசியபோது அவருக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. ஆகவே தாராவி பற்றிய இடுகைகளை ஒருமுறை மீண்டும் படித்து, வீட்டை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிடுங்கள். முழு வடிவம் உங்கள் கோப்பில் இருக்கட்டும், வரலாறு எதையும் இழக்காது. புகைப்பட அனுமதிக்காகச் செல்லும்போது, அவர்கள் சொன்னதை ஒருமுறை வாசித்துக் காட்டி, எது வெளியே இருக்கலாம் என்று கேட்டு வாருங்கள்.

மறுமொழி: மாட்டுங்காவாசி

மூவருக்கும் என் நன்றி. பதிவைப் பூட்டும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இந்த வாரம் சான்றுகளைச் சேமித்துவிட்டு, பிறகு புகார்களை அனுப்புகிறேன். தாராவி இடுகைகளில் சிலவற்றை அதற்கும் முன்பாக வரைவுக்கு மாற்றி, அந்தக் குடும்பங்களைச் சந்தித்த பிறகே மீண்டும் வெளியிடுவேன். இன்னும் ஒரு கேள்வி: ஒரு சிற்றிதழ் என் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட விரும்புகிறது. அப்படிக் கொடுத்தால் அவற்றை வலைப்பதிவில் தொடர்ந்து வைத்திருக்கும் உரிமை எனக்கு இருக்குமா?

மறுமொழி: செம்பூர் வழக்குரைஞர்

அது நீங்கள் கையெழுத்திடும் தாளைப் பொறுத்தது, அம்மா. உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுக்காமல், அச்சு நூலாக வெளியிடும் அனுமதியை மட்டும் கொடுங்கள். இணையத்தில் வைத்திருக்கும் உரிமை, ஒலிநூல் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை ஆகியவை உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி வெளிப்படையாக இருக்க வேண்டும். உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் அதை நம்பியிராமல் இரண்டையும் எழுதிவிடுங்கள். புகைப்படங்களை நூலில் சேர்ப்பதாக இருந்தால், குடும்பங்களிடம் வாங்கும் கடிதத்தில் வலைப்பதிவோடு அச்சு நூலையும் குறிப்பிட்டு வாங்குங்கள். அதே வீடுகளுக்கு இரண்டாம் முறை போக வேண்டியிருக்காது.