49 கிராமா, 50 கிராமா: தண்டனை யார் கையில்?

செந்தூல்வாசி:
நேற்று வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே பாயான்லெப்பாஸ் அண்ணன் எழுதியது இது: "2023-லேயே கட்டாயத் தண்டனையை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இனி போதைப்பொருள் கேஸில் நீதிபதி நினைத்தால் ஒரு நாள்கூடக் கொடுக்கலாம்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இது தப்பு. 2023 ஜூலை 4-ஆம் தேதி இங்கே மலேசியாவில் நடப்புக்கு வந்த சட்டம் போதைப்பொருள் கேஸில் கட்டாயத் தூக்கை மட்டும்தான் எடுத்தது. போதைப்பொருள் சட்டத்தில் கடத்தலுக்கான 39பி பிரிவில் இன்றைக்கும் இரண்டே வழி: தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள் சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. ஆயுள் என்றால் இங்கே 30 வருடம். சரக்கைக் கையில் வைத்திருப்பதற்கான 39ஏ (2) பிரிவை யாரும் தொடவே இல்லை. 50 கிராம் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தது 5 வருடம், 10 அடி. 49 கிராம் என்றால் 2 வருடத்தில் ஆரம்பம், 3 அடி. ஒரு கிராமுக்கு மூன்று வருடம், ஏழு அடி! கோர்ட்டில் 19 வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் சொல்கிறேன், இந்தக் குறைந்தபட்ச வரம்பை எடுக்க வேண்டும்.

பாயான்லெப்பாஸ்:
நான் சொன்னது தூக்கைப் பற்றி. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். சரி, நீங்களே சொல்லுங்கள், 50 கிராம் கஞ்சாவைத் தன் சொந்தத்துக்கு வைத்திருப்பவன் யார்? அது விற்கிற சரக்கு. எங்கள் பிளாட் படிக்கட்டில் ஏழு மணிக்கு மேல் பெண்பிள்ளையைக் குப்பை கொட்டக்கூட அனுப்ப முடிவதில்லை. செந்தூலில் உட்கார்ந்துகொண்டு இரக்கம் பேசுவது சுலபம்.

செந்தூல்வாசி:
"ஒரு நாள்கூடக் கொடுக்கலாம்" என்று எழுதினீர்களா, இல்லையா? முதலில் அதற்குப் பதில். அப்புறம் படிக்கட்டுக்கு வரலாம்.
விற்றான் என்றால் விற்றதற்கு வழக்குப் போடட்டும். 200 கிராம் எட்டினால் சட்டமே அவனைக் கடத்தல்காரன் என்று அனுமானித்துக்கொள்கிறது. 50-க்கும் 200-க்கும் நடுவில் நிற்பவன் மேல் விற்பனையை நிரூபிக்க முடியவில்லை என்பதால்தானே 39ஏ (2) வருகிறது? நிரூபிக்காத ஒன்றுக்குத்தான் இந்த 5 வருடமும் 10 அடியுமா?

பிறை அக்கா:
என் தம்பி ஊசியில் செத்தான். 26 வயது. கழிவறைக் கதவை உடைத்து நான்தான் தூக்கினேன். அவனுக்கு விற்றவன் அடுத்த தெருவில் அன்றைக்கு மாலையும் நின்றுகொண்டிருந்தான். 5 வருடம் என்றாலும் நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்து மூன்று வருடம் நான்கு மாதத்தில் வந்துவிடுகிறான். அதையும் குறைக்கச் சொல்கிறீர்களா ஐயா?

கெப்போங் தம்பி:
அக்கா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் தம்பி கையில் அன்றைக்கு 5 கிராம் ஹெரோயின் இருந்து, போலீஸ் முதலில் வந்திருந்தால்? ஹெரோயினுக்கு அந்த 39ஏ (2) 5 கிராமிலேயே ஆரம்பம். அவருக்கும் அதே 10 அடிதான் விழுந்திருக்கும்.

பாயான்லெப்பாஸ்:
செத்தவனை இழுக்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது? போன வருடம் கோயில் கணக்கு விவகாரத்திலும் இதைத்தான் செய்தாய். அக்காவிடம் மன்னிப்புக் கேள்.

கெப்போங் தம்பி:
கோயில் கணக்கில் நான் கேட்டது ரசீது. அது இன்னும் வரவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிறை அக்கா:
மன்னிப்பு வேண்டாம். அவன் உயிரோடு இருந்திருந்தால் 10 அடி வாங்கியாவது இருந்திருப்பான். அதைத்தான் நான் தினமும் நினைக்கிறேன்.

செந்தூல்வாசி:
அம்மா, உங்களுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாயான்லெப்பாஸ் அண்ணனுக்குச் சொல்கிறேன். வரம்பு வைத்தால் எல்லோருக்கும் ஒரே நீதி என்று நினைக்கிறீர்கள். கோர்ட்டில் நான் பார்த்தது வேறு. 39பி-யில் வந்தவனின் வக்கீல் அரசுத் தரப்புக்கு மனு எழுதுவார். அவர்கள் சம்மதித்தால் குற்றச்சாட்டு 39ஏ (2)-க்கு இறங்கும், அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வான். எந்தப் பிரிவு என்பது அவர்கள் அறையில் முடிவாகிறது. அப்புறம் நீதிபதி 5-க்குக் கீழே போக முடியாது. அவன் அம்மா டயாலிசிஸில் இருக்கிறாள், முதல் தடவை, 21 வயது, எல்லாவற்றையும் நான் மலாயில் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். நீதிபதி தலையாட்டிக் கேட்பார். கேட்டு என்ன? அந்த 10 அடியில் ஒன்றைக்கூட அவரால் குறைக்க முடியாது. ஆக, அதிகாரம் எங்கேயும் போய்விடவில்லை. திறந்த கோர்ட்டில் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்கிறவரிடமிருந்து, காரணம் சொல்லத் தேவையில்லாதவர் கைக்குப் போயிருக்கிறது.

கெப்போங் தம்பி:
சிங்கப்பூரிலும் இதே கதைதான். நம் நாட்டு நாகேந்திரனை 42.72 கிராம் ஹெரோயினுக்காக 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டார்கள். சரக்கைச் சுமந்து மட்டும் போனவன் விசாரணைக்கு உதவினான் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் கொடுத்தால் அங்கே நீதிபதி தூக்கைத் தவிர்க்கலாம். அவருக்கு அது கிடைக்கவில்லை.

பாயான்லெப்பாஸ்:
சிங்கப்பூர் தெரு சுத்தமாக இருக்கிறது. அதையும் எழுது.

கெப்போங் தம்பி:
பயத்தால்தான் சுத்தம் என்றால் இங்கே 1983-இலிருந்து கட்டாயத் தூக்கு இருந்ததே, உங்கள் படிக்கட்டு ஏன் சுத்தமாகவில்லை?

பாயான்லெப்பாஸ்:
பிடிக்கிறவன் பிடிக்காததால். சட்டத்தின் குற்றமில்லை. ஐம்பது தாண்டிய தலைவன்மாருக்குப் பிரம்படியே கிடையாது, தெரியுமா? முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:
பேச்சை மாற்றாதீர்கள். தலைவன் 50 கிராமைத் தன் பையில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. மோட்டாரில் போகிற பையன்தான் வைத்திருக்கிறான். நான் கேட்பது அந்தப் பையனைப் பற்றி. 49-க்கும் 50-க்கும் நடுவில் அவன் என்ன பாவம் கூடுதலாகச் செய்தான்?

பாயான்லெப்பாஸ்:
எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 60-இல் போட்டால் 59 என்பீர்கள்.

செந்தூல்வாசி:
கோடு இருக்கட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைப் பார்த்து முடிவு செய்ய நீதிபதிக்கு இடம் இருக்கட்டும். இதை எத்தனை தடவை எழுதுவது?

பாயான்லெப்பாஸ்:
19 வருடம் கோர்ட்டில் குற்றவாளிக்குப் பேசிப் பேசி உங்களுக்கு அந்தப் பாஷையே வந்துவிட்டது.

செந்தூல்வாசி:
சாட்சிக்கும் போலீசுக்கும் பேசியவனும் நான்தான். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. அதனால்தான் உங்கள் அந்த ஒரு வரி என்னை இப்படி அறுக்கிறது. "ஒரு நாள்கூடக் கொடுக்கலாம்." அதை இன்னும் நீங்கள் திருத்தவில்லை. திருத்துங்கள்.

பாயான்லெப்பாஸ்:
திருத்த மாட்டேன். படிக்கட்டு விளக்கை மறுபடியும் உடைத்திருக்கிறார்கள், கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பிறை அக்கா:
தனியாகப் போகாதீர்கள் அண்ணே.