டேக்ஆஃபுக்கு முன்னாடி இறக்கையில பலகை மேல கீழ ஆடுதே, அதை யாரு செக் பண்றாங்க?

ஜன்னல்சீட்:
வணக்கம் மக்களே, போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து சென்னைக்கு ஏர்பஸ் ஏ320 விமானத்துல வந்தேன், இறக்கைக்குக் கொஞ்சம் பின்னாடி இடது பக்கம் ஜன்னல் சீட்டு. ரன்வேயைப் பார்த்து மெதுவா உருண்டுட்டு இருக்கும்போது இறக்கை நுனிகிட்ட இருக்கற பலகை மேல போச்சு கீழ வந்துச்சு, கூடவே இறக்கை முதுகுல நாலு தகடு படக்குனு எழும்பிப் படுத்துச்சு. அதுக்கு முன்னாடியே காலுக்கு அடியில நாய் குரைக்கற மாதிரி ஒரு சத்தம், பக்கத்து சீட்டுப் பாட்டி முருகா முருகானு கையெடுத்துட்டாங்க. என் டவுட்டு என்னன்னா பைலட் கையில இருக்கற குச்சிக்கும் அந்தப் பலகைக்கும் நடுவுல இருக்கறது கயிறா, எண்ணெயா, வெறும் வயரா? 2025 நவம்பர்ல சூரியக் கதிர்னால ஏ320 கம்ப்யூட்டர் குழம்பிடும்னு சொல்லி ஆயிரக்கணக்குல சாஃப்ட்வேர் மாத்துனாங்களே, அதுல இருந்து எனக்கு லேசா பயம். விக்கிபீடியா லிங்க் மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க.

ஏடிஆர்_ரசிகன்:
அப்ப தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72ல போங்க ப்ரோ, அதுல ஏலரான் (நீங்க பாத்த இறக்கை நுனிப் பலகை), எலிவேட்டர் (வால்ல இருக்கற பலகை) எல்லாம் நிஜமாவே கேபிள்தான், பைலட் கை பலத்துலதான் அசையுது. நம்ம டிவிஎஸ் 50 பிரேக் கேபிளோட பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. நாய் சத்தம் பிடியூங்கற ஹைட்ராலிக் பம்போடது. மத்ததை மாமா வந்து சொல்லுவாரு.

ஹேங்கர்_மாமா:
வந்துட்டேன். 31 வருஷம் ஏஎம்இயா (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) வேலை பாத்து ரிடையர் ஆனவன், கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துக்கங்க.

ஜன்னல்சீட் தம்பி, நீங்க கேட்ட மூணுமே இருக்கு. போயிங் 737ல பைலட் திருப்பறது கேபிளை இழுக்கும், கேபிள் புல்லி மேல ஓடிப் போய் ஒரு வால்வைத் திறக்கும், அப்புறம் ஹைட்ராலிக் அழுத்தம் 3000 பிஎஸ்ஐல பலகையைத் தள்ளும். ஏ320ல அந்தக் கேபிளுக்குப் பதிலா வயரு. குச்சியை அசைச்சா சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் ஹைட்ராலிக் ஜாக்குக்குச் சொல்லும். மொத்தம் ஏழு கம்ப்யூட்டர், ஈலாக் (ஏலரானையும் எலிவேட்டரையும் ஆட்டறது) ரெண்டு, செக் மூணு (நாம பண்ற செக் இல்ல, அதுக்குப் பேரே அதுதான்), ஃபாக் ரெண்டு. ஈலாக்குக்கு ஒரு கம்பெனி சிப்பு, செக்குக்கு வேற கம்பெனி சிப்பு, புரோகிராமும் வேற வேற, ஒண்ணுல இருக்கற தப்பு இன்னொண்ணுல இருக்கக் கூடாதுனுதான் அப்படி. ஹைட்ராலிக்கும் பச்சை, நீலம், மஞ்சள்னு மூணு தனித்தனி லைன். பச்சையும் மஞ்சளும் ஒண்ணுக்கொண்ணு அழுத்தம் குறைஞ்சா கைகொடுக்கற பம்புதான் அந்த பிடியூ, பாட்டிகிட்ட அது நல்ல நாய்னு சொல்லுங்க.

அந்த நவம்பர் விஷயம் ஈலாக்குல வந்ததுதான். அக்டோபர் 30ஆம் தேதி கான்குன்ல இருந்து நியூவார்க் போன ஒரு ஏ320 பறந்துட்டு இருக்கும்போதே தானா மூக்கைக் கீழ சாய்ச்சுது, சில பேருக்கு அடி, டாம்பால இறக்குனாங்க. கடுமையான சூரியக் கதிர்வீச்சு டேட்டாவைக் கெடுக்கலாம்னு ஏர்பஸ் சொல்லி உலகம் பூரா சுமார் 6000 விமானம். பெரும்பாலானதுக்கு வேலை என்னன்னா புது சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு பழைய வெர்ஷனையே திரும்ப ஏத்தறது, ரெண்டு மூணு மணி நேரம். எனக்கு இதுல பெருசா பயம் இல்ல, ஏன்னா தப்பைக் கண்டுபிடிச்சு ஒரே ராத்திரில எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. எனக்குப் பயம் வேற ஒண்ணு, தலைகீழா மாட்டறது.

2001 மார்ச் 20, ஃபிராங்ஃபர்ட், லுஃப்தான்சா ஏ320. மெயின்டனன்ஸ்ல ஈலாக் கனெக்டர் ஒண்ணை ரிப்பேர் பண்ணும்போது வயர் ஜோடி இடம் மாறிடுச்சு. கேப்டன் குச்சியை வலது பக்கம் தள்ளினா விமானம் இடது பக்கம் சாயும், அதுவும் அவர் பக்கத்துக் குச்சில மட்டும். தரையை விட்டு எழும்பின உடனே இடது இறக்கை தணிஞ்சுது, அவர் வலது பக்கம் தள்ளத் தள்ள இன்னும் இடது பக்கமே படுத்துச்சு, இறக்கை நுனி தரைக்கு அரை மீட்டர் கிட்ட வந்துடுச்சுனு ரிப்போர்ட். பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் பட்டனை அமுக்கி கன்ட்ரோலை வாங்கினதால எல்லாரும் பிழைச்சாங்க. இப்ப நீங்க பாத்த ஆட்டத்துக்கு வருவோம், அது பைலட்டே குச்சியை ஆட்டிப் பலகை அசையுதானு பாக்கறது, அதே செக் அந்த லுஃப்தான்சா பைலட்டுகளும் கிளம்பறதுக்கு முன்னாடி பண்ணினாங்க. ஸ்கிரீன்ல பலகை அசையுதுனு பாத்தாங்க, எந்தப் பக்கம் அசையுதுனு பாக்கல.

ட்ரெய்னி172:
மாமா சொன்னது 100% சரி. நாங்க செஸ்னா பயிற்சி விமானத்துல தினமும் இதைத்தான் பண்றோம். யோக்கை (ஸ்டீயரிங் மாதிரி கைப்பிடி) பிடிச்சு ரெண்டு கட்டைவிரலையும் நேரா மேல நீட்டிக்கணும், திருப்பினா கட்டைவிரல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்க ஏலரான் மேல இருக்கணும். முதல் மாசம் நான் சும்மா ஆட்டிட்டு "ஃப்ரீ அண்ட் கரெக்ட்"னு கத்திட்டு இருந்தேன், இன்ஸ்ட்ரக்டர் என் கையைப் பிடிச்சு நிறுத்தி "ஃப்ரீ ஓகே, கரெக்ட்னு எதைப் பாத்துடா சொன்ன?"ன்னாரு. ஒரு பதிலும் வரல.

ஜன்னல்சீட்:
ரொம்ப நன்றி மாமா. ஒரு குழப்பம், கேபிள்னா தேயுமே, அறுந்துட்டா? அதை எப்படிப் பாப்பீங்க, பூரா உள்ள மறைஞ்சுல்ல இருக்கும்?

ஹேங்கர்_மாமா:
பனியன் துணி. நிஜமாத்தான் சொல்றேன். கட்டுப்பாட்டுக் கேபிள்ல ஒரு வகை 7x19, அதாவது 7 புரி, ஒவ்வொரு புரியிலயும் 19 கம்பி, மொத்தம் 133 மெல்லிசு கம்பி. அது புல்லில வளையற இடத்துலதான் ஒண்ணு ரெண்டா அறும், கண்ணுக்குச் சிக்காது. துணியைச் சுத்திப் பிடிச்சு கேபிள் நெடுக இழுத்துட்டே வரணும், அறுந்த கம்பி இருந்தா துணில சிக்கும். வெறும் கைய வெச்சா கிழிச்சுடும், ஒரு புதுப் பையன் அப்படித் தடவி உள்ளங்கை பூரா கோடு போட்டுக்கிட்டான். நான் ஒரு தடவை பழைய 737ல மல்லாக்கப் படுத்து வாயில டார்ச்சைக் கடிச்சுட்டு இழுத்துட்டு வரேன், துணி ஒரே ஒரு நூல் அளவுக்கு நிக்குது. அங்க கேபிளை வளைச்சுப் பாத்தா மீசை முடி மாதிரி மூணு கம்பி எழும்பி நிக்குது. கேபிளே மாத்தினோம், அன்னைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

மாத்தறதுலதான் இன்னும் கஷ்டம். டென்ஷன், அதாவது கேபிளோட இறுக்கம், சரியா வைக்கணும், அதுக்கு மீட்டரும் வெப்பநிலைச் சார்ட்டும் உண்டு, ஏன்னா விமானத்தோட உடம்பு அலுமினியம், கேபிள் ஸ்டீல், வெயில்ல உடம்பு அதிகமா நீளும், கேபிள் இறுகும். மே மாசம் மீனம்பாக்கத்துல வெளிய காஞ்ச விமானத்தை உள்ள இழுத்த உடனே ரீடிங் எடுத்தா அது பொய். கேபிளை இறுக்கற டர்ன்பக்கிள்ல மரை மூணுக்கு மேல வெளிய தெரியக் கூடாது, அப்புறம் அது தளராம இருக்க சேஃப்டி வயர். ஹைட்ராலிக் போடறதுக்கு முன்னாடி ஹெட்செட்ல கீழ நிக்கறவன்கிட்ட "கிளியரா"ன்னு கேட்டு அவன் பதில் சொல்ற வரைக்கும் சுவிட்சைத் தொடக் கூடாது, பலகை இடையில ஆள் மாட்டினா 3000 பிஎஸ்ஐக்கு எலும்பு எம்மாத்திரம். ஸ்கைட்ரால்ங்கற ஹைட்ராலிக் எண்ணெய் கண்ணுல பட்டா அது தனிக் கதை, ஊதா கலர்ல அழகா இருக்கும், பட்டவனுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் முடிஞ்சாலும் வேலை பண்ணினவன் கையெழுத்து மட்டும் பத்தாது, அந்த வேலைல கை வெக்காத இன்னொருத்தர் வந்து முதல்ல இருந்து பாக்கணும். டூப்ளிகேட் இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லுவோம். அவசரத்துல இதை ஃபார்மாலிட்டி ஆக்கினா என்ன ஆகும்னு 2018 நவம்பர்ல போர்ச்சுகல்ல தெரிஞ்சுது. கஜகஸ்தான் கம்பெனி ஏர் அஸ்தானாவோட எம்ப்ரேயர் 190 விமானம், பெரிய மெயின்டனன்ஸ் முடிஞ்சு வெளிய வந்துச்சு, ஏலரான் கேபிள் மாறிப் போட்டிருந்தாங்க. உள்ள இருந்த ஆறு பேரும் ஒண்ணரை மணி நேரம் வானத்துல உருண்டு புரண்டு, எஃப்-16 போர் விமானம் ரெண்டு வழிகாட்ட, மூணாவது முயற்சில பேஜால இறக்குனாங்க. உயிர் போகல, விமானம் அப்புறம் பறக்கவே இல்ல.

ஜன்னல்சீட்:
யப்பா. இனிமே ஜன்னல் வழியா பலகை தப்பான பக்கம் ஆடினா உடனே பெல் அடிச்சுடறேன் மாமா 😂

ஹேங்கர்_மாமா:
பைலட் எந்தப் பக்கம் தள்ளினாருனு உங்க சீட்ல இருந்து எப்படித் தெரியும் தம்பி? பெல் அடிச்சா தண்ணிதான் வரும், அதுவும் காசுக்கு.